மசில்எக்ஸ்: தசைச் சுருக்கத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களை அளக்கும் மென்பொருள், எங்கே நம்பலாம், எங்கே நிறுத்திப் பார்க்கணும்

தசை சுருங்கும்போது, தடித்த இழையில் மயோசின் (தசையை இழுக்கும் புரதம்) தலைகள் வரிசைகட்டி நிற்கும் இடைவெளி 14.34 நானோமீட்டரிலிருந்து சுமார் 14.57 நானோமீட்டருக்குக் கூடுகிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் (தசையில் சிதறிய கதிர்கள் டிடெக்டரில் பதிக்கும் புள்ளிகளின் படம்) எம்3 என்று சொல்லப்படும் புள்ளி காட்டுவது இந்த இடைவெளியைத்தான். கதிரின் ஆற்றல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது அலைநீளம் 0.1033 நானோமீட்டர். மாதிரியிலிருந்து டிடெக்டர் 3 மீட்டர் தள்ளி. ஒரு பிக்சல் 172 மைக்ரோமீட்டர். இப்படி அமைத்தால், ஓய்வில் எம்3 புள்ளி மையத்திலிருந்து 125.6 பிக்சல் தூரத்தில் நிற்கும். தசை முழு விசையோடு இழுக்கும்போது 123.7-க்கு வரும். மொத்த நகர்வே இரண்டு பிக்சல்தான். தசைப் படங்களை அளக்கிற எந்த மென்பொருளுக்கும் இந்த இரண்டு பிக்சலைவிட நல்ல உரைகல் கிடையாது.

மசில்எக்ஸ் அந்த உரைகல்லில் தேறுகிறது. ஆனால் தானாகத் தேறுவதில்லை. எந்தப் பொத்தானை எதற்காக அழுத்துகிறோம் என்று தெரிந்தவர் கையில்தான் தேறுகிறது.

இதை உருவாக்கியது பயோகேட் குழு. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உள்ள அட்வான்ஸ்டு ஃபோட்டான் சோர்ஸ் என்ற சிங்க்ரோட்ரானின் 18-ஆம் பிரிவை நடத்தும் குழு இது. இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தது. தசைப் படங்களை நாள்தோறும் எடுப்பவர்களே எழுதியது என்பது மென்பொருளின் அமைப்பிலேயே தெரியும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறந்தமூல நிரல், கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் நிறுவிகள் உண்டு. நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படக் கோப்புகளை மட்டும் தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலில் வேலை செய்யுங்கள். முடிவுகளையும் இடைக்காலத் தரவுகளையும் மென்பொருள் படங்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதும். மூலத் தரவு இருக்கும் இடத்தில் அது நடப்பது நல்லதல்ல.

ஃபிட்2டி, பைஃபாய் போன்ற பொதுவான கருவிகள் வளையங்களைத் தொகுத்து வளைகோடாக்குவதில் கெட்டிக்காரர்கள். தசைப் படத்தில் வளையம் இல்லை. கிடைமட்டத்தில் ஈக்வேட்டர், செங்குத்தில் மெரிடியன், இடையிடையே ஈக்வேட்டருக்கு இணையாக ஓடும் அடுக்குக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி அளவீடு. மசில்எக்ஸ் இதைப் புரிந்துகொண்டு தனித்தனி நிரல்களாகப் பிரிந்திருக்கிறது. ஈக்வேட்டருக்கு ஒன்று, நான்கு கால்பகுதிகளையும் மடித்துச் சராசரி எடுக்க ஒன்று, மெரிடியனிலும் அடுக்குக் கோடுகளிலும் உச்சிகளை அளக்க ஒன்று, பல படங்களைக் கூட்ட ஒன்று, நுண்கற்றையால் வருடி எடுத்த படங்களுக்கு ஒன்று. முதல் மூன்றையும் சரியாகக் கற்றுக்கொண்டாலே பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதும்.

இவற்றில் மிகவும் பக்குவப்பட்டது ஈக்வேட்டர் நிரல். இழைகள் அறுகோண அணிக்கோவையாக அடுக்கப்பட்டிருப்பதால் ஈக்வேட்டரில் 1,0 உச்சியும் 1,1 உச்சியும் (அணிக்கோவையின் வெவ்வேறு தளங்கள் தரும் உச்சிகள்) பளிச்சென்று தெரியும். பாலூட்டித் தசையில் 1,0 ஏறத்தாழ 37 நானோமீட்டர், 1,1 அதை √3-ஆல் வகுத்த அளவு, சுமார் 21 நானோமீட்டர். மேலே சொன்ன அமைப்பில் இவை மையத்திலிருந்து 49, 84 பிக்சல்களில் வரும். தசை இயங்கத் தொடங்கி மயோசின் தலைகள் மெல்லிய (ஆக்டின்) இழைகளின் பக்கம் நகரும்போது 1,0 மங்கி 1,1 பிரகாசமாகும். இரண்டின் செறிவு விகிதம்தான் எல்லாரும் தேடும் எண்.

நிரலின் சிறப்பு என்னவென்றால், உச்சிகளை அது தனித்தனியாகத் துரத்துவதில்லை. அறுகோண அணிக்கோவையில் உச்சிகளின் இடங்கள் 1, √3, 2, √7, 3 என்ற விகிதத்திலேயே இருந்தாக வேண்டும். அதனால் அடிப்படை இடைவெளி என்ற ஒரே ஓர் எண்ணை மாற்றி எல்லா உச்சிகளையும் ஒருசேரப் பொருத்துகிறது. அகலத்துக்கும் இப்படித்தான்: கற்றையின் சொந்த அகலம் ஒரு சிக்மா (அகலத்தைக் குறிக்கும் எண்), நுண்ணிழைக்கு (இழைகளின் கட்டு) நுண்ணிழை இடைவெளி மாறுபடுவது இன்னொரு சிக்மா, அணிக்கோவையின் ஒழுங்கின்மை மூன்றாவது சிக்மா. ஒழுங்கின்மை உச்சியின் வரிசையோடு வேகமாக ஏறும். கற்றை அகலம் ஏறாது. இந்த வேறுபாட்டால்தான் பிரிக்க முடிகிறது. ஆனால் 1,0-ம் 1,1-ம் மட்டும் தெரிகிற படத்தில் மூன்று சிக்மாவையும் கட்டவிழ்த்து விட்டால், பொருத்தம் அழகாக வரும், எண்களுக்குப் பொருள் இருக்காது. மாதிரி இல்லாமல், கற்றையை நன்கு மட்டுப்படுத்தி, நேரடிக் கற்றையின் அகலத்தை ஒருமுறை அளந்து முதல் சிக்மாவை நிலையாக வைத்துவிடுங்கள். பிறகு மற்ற இரண்டும் நம்பத் தகுந்தவையாகும்.

எலும்புத் தசைக்கு இன்னொன்று. 1,0-க்கும் 1,1-க்கும் நடுவே இசட் கோட்டின் (தசையின் அடிப்படை அலகுகளுக்கு இடையிலான எல்லை) அணிக்கோவை தரும் சிறு உச்சி ஒன்று உண்டு. அதற்கான தேர்வு நிரலில் இருக்கிறது. அதைச் சொடுக்காமல் விட்டால் அந்தச் செறிவு பக்கத்து உச்சிகளில் போய் ஒட்டிக்கொள்ளும், விகிதம் பிசகும். ஓய்வுப் படத்துக்குச் சேர்த்து, சுருக்கப் படத்துக்குச் சேர்க்காமல் விடுவது இன்னும் மோசம். ஒரு தொகுதி முழுக்க ஒரே தேர்வு இருக்க வேண்டும்.

பின்புலத்தைக் கழிக்க நிரல் கையாளும் வழி குவிவு உறை. வளைகோட்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியது போல, தாழ்ந்த புள்ளிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டைப் பின்புலமாக எடுத்துக்கொள்ளும். எலும்புத் தசையில் இது நன்றாக வேலை செய்கிறது. இதயத் தசையில் கவனம் தேவை. அங்கே உச்சிகள் அகலமானவை. 1,0-ன் வால் 1,1-ன் அடிவாரத்தோடு கலந்துவிடும். பின்புலம் செங்குத்தாக இறங்கும் படத்தில், கயிறு அந்தக் கலந்த பள்ளத்தைத் தொட்டுவிட்டால், உச்சிகளுக்குச் சொந்தமான செறிவே பின்புலமாகக் கழிபடும். தொடக்க எல்லையை பீம் ஸ்டாப்பின் (நேரடிக் கற்றையைத் தடுக்கும் சிறு துண்டு) நிழலுக்குச் சற்று வெளியே வைத்து, அதைச் சில பிக்சல் முன்பின் நகர்த்தி, விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். இரண்டு பிக்சல் நகர்த்தலில் விகிதம் கணிசமாக மாறினால் அந்தப் படத்தின் எண்ணைத் தசையின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. மாதிரி வைக்கும் அறையை வெறுமையாக எடுத்த படத்தை, அதாவது காப்டான் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) சன்னலும் கரைசலும் மட்டும் உள்ள படத்தை, முன்கூட்டியே எடுத்துக் கழித்துவிட்டால் கயிற்றின் வேலை பாதி குறையும்.

இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் நிரல் தனித்தனியாகப் பொருத்தி இரண்டு எண்களும் தருகிறது. இது எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம். சமச்சீரான படத்தில் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் மையம் தவறு, அல்லது மாதிரி சாய்ந்திருக்கிறது, அல்லது பீம் ஸ்டாப் ஒரு பக்கம் அதிகமாக மறைக்கிறது. சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இலவசமாகக் கிடைத்த ஒரு சோதனையைத் தூக்கி எறிகிறார்கள்.

அடுத்தது கால்பகுதி மடிப்பு. தசை இழைப் படம் மேல்–கீழ், இட–வலச் சமச்சீர் கொண்டது என்பதால், நான்கு கால்பகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துச் சராசரி எடுக்கலாம். மங்கலான அடுக்குக் கோடுகள் வெளிப்படும், டிடெக்டரின் இடைவெளிகளும் நிரம்பும். பிலாட்டஸ் 1 எம் டிடெக்டரில் தொகுதிகளுக்கு இடையே ஒரு திசையில் 7 பிக்சலும் மறுதிசையில் 17 பிக்சலும் வெற்றிடம். 981 பிக்சல் அகலத்தின் நட்டநடுவில்தான் அந்த 7 பிக்சல் வெற்றிடம் ஓடுகிறது. கற்றையை டிடெக்டரின் நடுவில் விழவைத்து, தசையையும் செங்குத்தாகக் கட்டினால், மெரிடியன் முழுவதும் அந்த வெற்றிடத்துக்குள் போய்விடும். எத்தனை மடித்தாலும் மீளாது, ஏனென்றால் நான்கு கால்பகுதியிலும் அதே இடம்தான் காலி. கற்றையை ஒரு 30 அல்லது 40 பிக்சல் பக்கவாட்டில் தள்ளி வைப்பது படம் எடுக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. வெற்றிடப் பிக்சல்களில் எதிர்ம மதிப்பு பதிவாகியிருக்கும்; அவற்றை விலக்கும்படி மாஸ்க் வரம்பு சரியாக இருக்கிறதா என்று முதல் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் சராசரியில் கறுப்புக் கோடுகள் விழும்.

மடிப்புக்குப் பின் பின்புலம் கழிக்கப் பல வழிகள் கொடுத்திருக்கிறார்கள்: இருபரிமாணக் குவிவு உறை, வட்டச் சமச்சீர்ப் பின்புலம், நகரும் சன்னல், காஸியன் மழுப்பல், இன்னும் சில. தேர்வு அதிகமாக இருப்பது இங்கே சிக்கல். மழுப்பல் வகைகள் கண்ணுக்குச் சுத்தமான படத்தைத் தரும்; ஆனால் மழுப்பும் அகலம் அடுக்குக் கோட்டின் அகலத்தை நெருங்கினால், கோட்டையே தின்றுவிடும். ஓய்வுத் தசையின் 42.9 நானோமீட்டர் முதல் அடுக்குக் கோடு, மயோசின் தலைகள் இழையைச் சுற்றித் திருகுவடிவில் ஒழுங்காக அமர்ந்திருப்பதைக் காட்டும் கோடு. சுருக்கத்தில் அது பெரிதும் மங்கும். மங்கியதற்குக் காரணம் தசையா, கழித்தல் வழியா என்று பிரித்தறிய, இரண்டு வேறு வழிகளில் கழித்து, கோட்டின் ஓய்வுச் செறிவுக்கும் சுருக்கச் செறிவுக்கும் உள்ள விகிதத்தை ஒப்பிடுவது ஒன்றுதான் வழி. ஆய்வுக் கட்டுரையில் போடும் படத்துக்கு ஒரு கழித்தல், எண்ணுக்கு வேறொரு கழித்தல் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை, அதை எழுதிவிட்டால் போதும்.

இனி அந்த இரண்டு பிக்சல். மெரிடியன் உச்சிகளை அளக்கும் நிரலில், எந்தப் பகுதியைத் தொகுக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வரைகிறோம். பெட்டிக்குள் உள்ளதை ஒரு பரிமாண வளைகோடாக்கி, பின்புலம் கழித்து, உச்சியின் மையத்தையும் பரப்பையும் தருகிறது. உச்சியின் மையத்தைப் பத்தில் ஒரு பிக்சல் துல்லியத்தில் பிடித்தால் இடைவெளியில் 0.08 சதவீதம். சுருக்கத்தால் வரும் மாற்றம் 1.6 சதவீதம் என்பதால் அது தாராளமாகப் போதும். ஆனால் படத்தின் மையம் ஒரு பிக்சல் தவறினால், ஒரு பக்கத்து உச்சியை மட்டும் அளக்கும்போது பிழை 0.8 சதவீதம், தேடி வந்த விளைவில் பாதி அங்கேயே போய்விட்டது. மேல் உச்சியையும் கீழ் உச்சியையும் சேர்த்து அளந்தால் மையப் பிழை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், உச்சி மட்டும் சற்று அகலமாகும். மையத்தை நிரல் தானாகக் கண்டுபிடிக்கும். சுருக்கத்தின்போது செறிவு மாறுவதால் தானியங்கி மையம் படத்துக்குப் படம் சற்று ஆடக்கூடும். ஒரே சோதனையின் எல்லாப் படங்களுக்கும் மையத்தை நிலையாகப் பூட்டி வைப்பது பாதுகாப்பு. அளவுகோலுக்கு சில்வர் பெஹனேட் (இடைவெளி துல்லியமாகத் தெரிந்த தூள்) படம் ஒன்று, அதன் 5.838 நானோமீட்டர் வளையம் இந்த அமைப்பில் 308.6 பிக்சல் ஆரத்தில் விழும். அந்த வளையம் மையத்தையும் சேர்த்தே சொல்லிவிடும்.

தடித்த இழை நீண்டதா என்று பார்க்க எம்3-ஐவிட எம்6 (மெரிடியனில் அதைப்போல இரு மடங்கு தூரத்தில் வரும் புள்ளி) நல்லது. அது 7.17 நானோமீட்டரில் இருப்பதால் நகர்வு நான்கு பிக்சல்; அதன் செறிவு பெரும்பாலும் இழையின் முதுகெலும்புப் பகுதியிலிருந்து வருவதால் தலைகளின் அசைவு அதைக் குழப்புவதும் குறைவு. ஆக்டினின் 2.73 நானோமீட்டர் உச்சி கைக்கு எட்டாது: 3 மீட்டர் தூரத்தில் அது மையத்திலிருந்து 113.5 மில்லிமீட்டர் தள்ளி விழும், 1 எம் டிடெக்டரின் பாதி நீளமோ 90 மில்லிமீட்டர்தான். அது வேண்டுமென்றால் கற்றையை டிடெக்டரின் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும், அல்லது டிடெக்டரை அருகில் கொண்டுவர வேண்டும். மெல்லிய இழையும் இழுவையில் சுமார் 0.3 சதவீதம் நீள்கிறது என்று 1994-இல் நிலைநாட்டப்பட்டது இந்த உச்சியை வைத்துத்தான். 0.3 சதவீதம் என்றால், மாதிரி கற்றையின் திசையில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதில் பத்தில் ஒரு பங்கு பிழை.

பெட்டியின் அகலம்தான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். இழைகள் ஒன்றுக்கொன்று நேராக அணிவகுத்திருக்கும்போது எம்3 புள்ளி பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். சுருங்கும்போது பக்கத்துப் பக்கத்து இழைகள் சற்று முன்பின்னாக விலகுவதால் அதே புள்ளி பக்கவாட்டில் விரியும். ஓய்வுப் படத்தைப் பார்த்து ஒடுக்கமான பெட்டி வரைந்தால், சுருக்கத்தில் விரிந்த பகுதி பெட்டிக்கு வெளியே போய்விடும்; செறிவு குறைந்ததாகத் தோன்றும். குறையவே இல்லை, சிதறியிருக்கிறது. எம்3-ன் செறிவு தலைகளின் சாய்வைச் சொல்லும் எண் என்பதால் இந்தப் பிழை நேரே தவறான உயிரியற்பியலுக்குக் கொண்டுபோகும். பெட்டியைத் தாராளமாக வரைந்தால் அடுக்குக் கோட்டின் பகுதி உள்ளே வந்துவிடும். எனவே குறுக்கு அகலத்தைத் தனியே அளந்து, செறிவை அந்த அகலத்தால் பெருக்கித் திருத்துவதுதான் இந்தத் துறையின் வழக்கம். மசில்எக்ஸில் இன்னொரு பெட்டி போட்டு அகலத்தை அளக்கலாம். பெருக்கல் நம் வேலை. தசை 1 பாகை சாய்ந்தால் எம்3 பக்கவாட்டில் 2.2 பிக்சல் விலகும் என்பதையும் பெட்டி வரையும்போது மனதில் வையுங்கள்.

பிலாட்டஸ்3 வகை நொடிக்கு 500 படங்கள்வரை எடுக்கும். 2 மில்லிநொடிப் படம் ஒன்றில் ஈக்வேட்டரை அளக்கலாம். மெரிடியனின் பலவீனமான உச்சிகள் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். பல சுருக்கங்களில் ஒரே நேரப் புள்ளியில் எடுத்த படங்களைக் கூட்டுவதற்கு தனி நிரல் இருப்பது இதற்காகத்தான். கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுருக்கத்தின் விசை வளைகோட்டையும் பாருங்கள். களைத்துப்போன தசையின் பத்தாவது சுருக்கத்தை முதல் சுருக்கத்தோடு கூட்டினால் இரண்டுமல்லாத ஒன்று கிடைக்கும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு, அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்து, திரையில்லாமல் கட்டளை வரியிலிருந்து ஓட்டும் வசதி உண்டு. ஓட்டிய பின் பொருத்தப் பிழை அதிகமான படங்களைத் தனியே திறந்து கண்ணால் பார்ப்பதைக் கைவிட வேண்டாம்.

எந்த மென்பொருளாலும் மீட்க முடியாதவையும் உண்டு. பாலூட்டித் தசையைத் தோலுரித்த (செல் சவ்வை நீக்கிய) நிலையில் குளிர்வித்தால், ஓய்விலேயே மயோசின் தலைகளின் திருகு ஒழுங்கு கலைந்துவிடும். 10 டிகிரியில் எடுத்த ஓய்வுப் படத்தை ஒப்பீட்டுக்கு வைத்து அடுக்குக் கோடு மாறவில்லை என்று முடிவு கட்டுவது வீண். 25 முதல் 30 டிகிரிக்குக் குறையாமல் எடுங்கள். தோலுரித்த இழைகளில் அணிக்கோவை வீங்கும். சுமார் 3 முதல் 4 சதவீத டெக்ஸ்ட்ரான் டி500 (பெரிய மூலக்கூறுச் சர்க்கரைப் பொருள்) அதைப் பழைய அளவுக்கு அருகில் கொண்டுவரும். சார்கோமியர் (தசையில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகு) நீளத்தை லேசர் விளிம்பு விளைவால் அளந்து ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைக்காவிட்டால் 1,0 இடைவெளிக்குப் பொருளே இல்லை: முழுத் தசையில் கன அளவு ஏறக்குறைய மாறாதிருப்பதால், சார்கோமியர் 2.2-லிருந்து 2.4 மைக்ரோமீட்டருக்கு நீண்டாலே 37 நானோமீட்டர் 35.4 ஆகிவிடும். மருந்தின் விளைவு என்று இதை எழுதிவிடும் ஆபத்து நிஜமானது. கதிர்ச் சேதத்துக்கு, சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் ஓய்வுப் படம் எடுத்து இரண்டையும் ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். எம்3 மங்கியிருந்தாலோ 1,0 நகர்ந்திருந்தாலோ நடுவில் உள்ள எண்கள் சந்தேகத்துக்குரியவை. கற்றைக்குக் குறுக்கே மாதிரியை மெல்ல நகர்த்திக்கொண்டே எடுப்பதும், ஷட்டரைத் தேவையான மில்லிநொடிகளுக்கு மட்டும் திறப்பதும் சேதத்தைக் குறைக்கும்.

ஒரு குறை என்றால், விகிதத்தோடு வரும் பிழை எல்லை பொருத்தத்தின் பிழையை மட்டுமே சொல்கிறது. பின்புலத் தேர்வால் வரும் பிழை அதில் அடங்காது, பெரும்பாலும் அதுதான் பெரியது. அதை மேலே சொன்னபடி எல்லைகளை நகர்த்தி நாமே அளக்க வேண்டும். 1,1-க்கும் 1,0-க்கும் உள்ள விகிதத்தை "ஆக்டினில் ஒட்டிய தலைகளின் எண்ணிக்கை" என்று நேரடியாக வாசிப்பதற்கும் மென்பொருள் பொறுப்பல்ல. அது நிறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைச் சொல்கிறது. ஒட்டாமல் அருகில் போன தலையும் அதில் கணக்காகும்.

தசை இழைப் படம் எடுக்கும் எந்தக் குழுவுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். ஈக்வேட்டர் நிரலை முழு நம்பிக்கையோடு, மெரிடியன் நிரலை ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் சரிபார்த்து. மென்பொருளின் பதிப்பு எண்ணையும் அமைப்புக் கோப்பையும் தரவோடு சேர்த்தே காப்பகப்படுத்துங்கள். ஒரு தொகுதியின் பாதியில் பதிப்பை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இடைக்காலத் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டு முதல் படத்திலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பழைய பதிப்பின் மையமும் சுழற்சிக் கோணமும் புதிய எண்களோடு கலந்துவிடாமல் இருக்க இது ஒன்றே உறுதியான வழி.